ஏரிக்கரையின் அடியில் ஈரமா? 'லேக் வியூ' வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே வீடு பார்க்கப் போனால் 'லேக் வியூ' என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனசு இளகிவிடும். எனக்கும் அப்படித்தான். வாத்து, நடைபாதை, சாயங்கால வெளிச்சம் எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் கழித்து, எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) குழுவில் உட்கார ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துப் போட்டபோதுதான் பழைய பத்திரங்களைப் புரட்டினோம். அந்த ஏரியும், அதைத் தாங்கி நிற்கிற மண் கரையும் சப்டிவிஷனில் வீடு வைத்திருக்கிற எல்லோருடைய பொதுச்சொத்து. கட்டியவர் கடைசி வீட்டை விற்ற கையோடு கரையைச் சங்கத்தின் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வடக்கு ஜார்ஜியாவில் இயற்கையான ஏரி என்று பார்த்தால் ஏறக்குறைய எதுவுமே இல்லை. எங்கே ஏரி தெரிகிறதோ, அங்கே ஓடைக்குக் குறுக்கே யாரோ ஒரு காலத்தில் செம்மண்ணைக் கொட்டி மேடு எழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறோமே, அந்தப் புல் மேடுதான் அணை. அது சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டியவர் அதன் உரிமையாளர், அதாவது நாம்.

'அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதனால் அதை முடித்துவிட்டுக் கரைக்குப் போகலாம். ஜார்ஜியாவில் 1978-ல் வந்த பாதுகாப்பான அணைகள் சட்டம் 25 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கரைகளையும், 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி) அல்லது அதற்கு மேல் தண்ணீர் பிடிக்கிற கரைகளையும்தான் கணக்கில் எடுக்கிறது. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். அதற்குள் வருகிறவற்றை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்: உடைந்தால் கீழே உயிர் போகும் என்றால் முதல் வகை, போகாது என்றால் இரண்டாம் வகை. முதல் வகைக்கு மாநில உரிமம் வேண்டும், ஆய்வுக்கு ஆள் வருவார்கள். இரண்டாம் வகையை, கீழே புதிதாக வீடு முளைத்திருக்கிறதா என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

உங்கள் ஏரி எதில் வரும் என்று தோராயமாகக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. நீர்ப்பரப்பு ஏக்கரில், அதிகபட்ச ஆழம் அடியில், இரண்டையும் பெருக்கி 0.4-ஆல் பெருக்குங்கள். எங்களுடையது 7 ஏக்கர், 17 அடி ஆழம். 48 ஏக்கர்-அடி வருகிறது. கரை 19 அடி உயரம். கரை விளிம்பு வரைக்கும் நிரம்பினாலும் 100 வராது. ஆக, சட்டத்தின் கண்ணில் எங்கள் கரை இல்லவே இல்லை. ஆனால் அந்த 48 ஏக்கர்-அடி என்பது ஏறக்குறைய 6 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 5,000 லாரி, ஓடைக்கரையில் இருக்கிற நாலு வீட்டுக்கு மேலே நிற்கிறது. யாரும் ஆய்வுக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் நான் ஒரு நோட்டு வாங்கினேன்.

(பக்கத்து மாநிலமான அலபாமாவில் பல வருஷமாக அணைப் பாதுகாப்புக்கென்று மாநிலச் சட்டமே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் நாம் பரவாயில்லை.)

சரி, இனி அறிகுறிகள். எங்களுக்கு வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஏரி வழியவில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது

இந்த ஊர்ச் சின்ன ஏரிகளில் கலிங்கும் மதகும் சேர்ந்த மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கும். ஏரிக்குள் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும், ரைசர் என்பார்கள். தண்ணீர் அதன் வாய் மட்டத்தைத் தாண்டினால் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் படுத்திருக்கிற இன்னொரு குழாய் வழியாக வெளிப்பக்கம் போகும். 1970, 80-களில் போட்டது என்றால் பெரும்பாலும் நெளிதகட்டு இரும்புக் குழாய். துத்தநாகம் பூசியதுதான், ஆனாலும் மண்ணுக்குள் நாற்பது வருஷம் என்றால் அடிப்பாகம் துருப்பிடித்துத் தாள் மாதிரி ஆகிவிடும்.

மழையே இல்லாத ஒரு செப்டம்பரில் ஏரி மட்டம் ரைசர் வாய்க்கு நாலு அங்குலம் கீழே இருந்தது. அப்படியென்றால் வெளிக்குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி: படகில் போய் ரைசருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தால் வடிகால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ரைசரிலேயே ஓட்டை. அதுவும் சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் ராத்திரித் தூக்கம் கெட வேண்டாம். ரைசர் உள்ளே காய்ந்திருந்து, வெளியே மட்டும் தண்ணீர் வந்தால், கரையின் வயிற்றுக்குள் இருக்கிற குழாயில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, சுற்றியிருக்கிற மண் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. தண்ணீர் போகிற வழியில் மண்ணும் போகும்.

எங்களுடையது இரண்டாவது. அதற்கு முந்தைய வசந்தத்திலேயே கரை சொல்லிவிட்டிருந்தது, எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை. புல் வெட்டும் வண்டியின் பின்சக்கரம் கரைமேட்டில் ஒரு குழிக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர்க்குடம் ஒன்றை உள்ளே வைக்கிற அளவு குழி, வாய் சின்னது, உள்ளே அகலம். புல் வெட்டுகிறவர் நல்ல மனசோடு இரண்டு மூட்டை மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே குழி. நான் குழியில் நின்று வெளிக்குழாயைப் பார்த்தேன், பிறகு ரைசரைப் பார்த்தேன். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

குழாய்க்கு மேலே நேராகக் குழி விழுந்தால் அதை மண் போட்டு மூடுவது, பல் சொத்தைக்கு மேலே வெள்ளைப் பூச்சு பூசுகிற வேலை. செய்ய வேண்டியது இதுதான்: குழியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆள் போகாமல் பண்ணுங்கள், ஏரி மட்டத்தை மெதுவாக இறக்குங்கள், மண் அணை வேலை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள், குழாய்க்குள் கேமரா விடுங்கள். நீங்களோ வீட்டுப் பையனோ குழாய்க்குள் தலையைக் கூட நுழைக்காதீர்கள். இறக்கும் வேகமும் முக்கியம்: ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம். சட்டென்று தண்ணீரை இறக்கினால் நனைந்து கனத்துக் கிடக்கிற உட்சரிவுக்கு எதிரே முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போய், அது ஏரிக்குள்ளேயே சரிந்துவிடும்.

சரிசெய்வது இரண்டு விதம். குழாய் இன்னும் வட்டமாக இருந்தால் அதற்குள்ளேயே பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்ட் கூழ் ஏற்றலாம். நசுங்கியிருந்தால் கரையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். எப்படிச் செய்தாலும் வெளிப்பக்கக் குழாயைச் சுற்றி வடிகட்டும் மணல் அடுக்கு உண்டா என்று பொறியாளரைக் கேளுங்கள். தண்ணீர் கசியலாம், மண் அதோடு வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முன்பெல்லாம் குழாயைச் சுற்றி இரும்பு வளையமோ கான்கிரீட் வளையமோ போட்டுத் தண்ணீரைத் தடுத்துவிட்டதாக நினைத்தார்கள். அந்த வளையத்தை ஒட்டி மண்ணைச் சரியாக இறுக்க முடியாது, அதனால் அங்கேதான் பல கரைகள் பலவீனமாகின. யாராவது 'வளையம் போட்டால் போதும்' என்று மதிப்பீடு கொடுத்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

கரையின் அடியில் சதசதவென்று இருக்கிறது

எல்லா மண் கரையும் கசியும். கசியாத கரை கிடையாது. அதனால் ஈரத்தைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன நிறம், எவ்வளவு, போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா?

ஆகஸ்டில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அடிவாரத்தில் ஒரு திட்டு மட்டும் பச்சையாக, கோரை முளைத்து நின்றால் அங்கே கசிவு இருக்கிறது. ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் ஊறுகாய் பாட்டில்கள் தேதி ஒட்டி வரிசையாக நிற்கின்றன, மனைவி அதற்கு 'உங்க மியூசியம்' என்று பெயர் வைத்திருக்கிறார். காலையில் அடியில் ஒன்றும் படியாமல் தெளிவாக இருந்தால் நல்லது. மெல்லிய சேறோ மணலோ படிந்திருந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. இங்கே செம்மண் ஆனதால் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று மிதக்கும், அதைப் பார்த்து மண் வருகிறது என்று பதறிவிடாதீர்கள். அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா. ஆனால் வடிகால் குழாயை அடைத்துக்கொள்ளும், அதனால் அவ்வப்போது சுத்தம் பண்ணுங்கள்.

அளவுக்கு ஒரு வாளியும் கடிகாரமும் போதும். வாளி நிரம்ப எத்தனை விநாடி, அன்றைக்கு ஏரி மட்டம் எவ்வளவு, அந்த வாரம் மழை எவ்வளவு. மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஏரி மட்டத்தை எழுதாமல் கசிவை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கால் பயனில்லை, ஏனென்றால் ஏரி ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. அதே மட்டத்தில் கசிவு கூடினால்தான் சமாச்சாரம்.

கலங்கிய தண்ணீர் வந்தாலோ, அடிவாரத்தில் தண்ணீர் மணலோடு கொப்பளித்துச் சுற்றிலும் எரிமலை வாய் மாதிரி மணல் வளையம் கட்டினாலோ, நோட்டை மூடிவிட்டுப் போனை எடுங்கள். பொறியாளர் வருகிறவரை நீங்கள் செய்யக்கூடியது, அந்தக் கொப்பளிப்பைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, வட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி மட்டம் உயர விடுவது. அதன் எடை எதிர்த்துத் தள்ளும், மண் வருவது குறையும், தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து போகும். கைவசம் பருமணலும் ஜல்லியும் இருந்தால் முதலில் மணல், அதற்கு மேல் ஜல்லி போடலாம். வாயை மட்டும் அடைக்காதீர்கள். களிமண் வைத்து, கான்கிரீட் ஊற்றி, தார்ப்பாய் போட்டு அடைத்தால் தண்ணீர் நிற்காது, உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் கிழித்துக்கொண்டு வரும், அந்த இடத்தை நீங்கள் பார்க்கக்கூட முடியாமல் போகலாம்.

கரையில் வெடிப்பு

கோடையில் செம்மண் காய்ந்து சிலந்திவலை மாதிரி வெடித்தால் விட்டுவிடலாம், ஆழம் மட்டும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். கரைக்குக் குறுக்கே, ஏரிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகிற வெடிப்பு மோசமானது, ஏனென்றால் ஏரி ஏறும்போது அது ஒரு வாய்க்கால். கரையின் நீளத்துக்குப் போகிற வெடிப்பில் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் இறங்கி, கீழே அடிவாரம் புடைத்திருந்தால் சரிவு நகர ஆரம்பித்துவிட்டது. இரண்டு முனையிலும் ஆணி அடித்து, பெயிண்டில் தேதி எழுதி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் பாலித்தீன் விரித்து, அன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள்.

சரிந்த மண்ணைப் பார்த்தும் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை. கீழே இருந்த பைபிள் கல்லூரிக்குச் சொந்தமானது. 1899-ல் கல்லடுக்காகத் தொடங்கி, 1937-க்குப் பிறகு மண் போட்டு உயர்த்தி உயர்த்தி ஏறக்குறைய 40 அடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1957-ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்தியபின் அது மீன் பிடிக்கிற ஏரி. வெளிச்சரிவில் மண் சரிந்து நிற்பது 1973-ல் எடுத்த படத்திலேயே தெரிகிறது. 1977 நவம்பர் 6, ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், சில நாள் மழைக்குப் பிறகு உடைந்தது. கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். விசாரணைக் குழுவால் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. செங்குத்தான சரிவு, கசிவு, பழைய குழாய் என்று பலதும் சேர்ந்தது. தனியார் அணைகளைச் சோதிக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் 1972-லிருந்தே இருந்தது, பணம்தான் ஒதுக்கவில்லை. இந்த மாநிலத்துக்காரரான அதிபர் கார்ட்டர் அதற்குப் பிறகுதான் ராணுவப் பொறியாளர்களை நாடு முழுக்க ஆய்வுக்கு அனுப்பினார். நான் மேலே சொன்ன 1978 சட்டம் வந்ததும் அதனால்தான்.

மரம், வளை

மரத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசினால் சண்டை நிச்சயம். நிழல் வேண்டும் என்பார்கள், பூ வேண்டும் என்பார்கள். ஆனால் கரையில் மரம் கூடாது. புயலில் சாய்ந்தால் வேரோடு கரையில் ஒரு கடியைப் பெயர்த்துக்கொண்டு போகும். பட்டுப்போனால் வேர் மக்கி உள்ளே குழாய் மாதிரி ஓட்டை. கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். பெரிய பைன் மரத்தை நீங்களாக வெட்டி அடிக்கட்டையை அப்படியே விடாதீர்கள், வேர்க்கட்டையை எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்க வேண்டும், அதற்குப் பொறியாளர் சொல்கிறபடி ஏரியை இறக்க வேண்டியிருக்கலாம்.

வளை என்றால் மஸ்க்ராட் என்கிற பெரிய நீர் எலி நீருக்கு அடியில் நுழைந்து கரைக்குள் மேல்நோக்கித் தோண்டும், அதைத் தடுக்க ஏரிப்பக்கம் கல் பாவுவதுதான் நல்ல வழி. ஓடு போர்த்திய அர்மடில்லோ என்ற விலங்கு வெளிச்சரிவைக் கிளறும். தெற்கு ஜார்ஜியாவில் இருந்தால் வளைக்குள் இருப்பது கோபர் ஆமையா என்று முதலில் பாருங்கள், அது மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினம், கை வைக்கக்கூடாது.

அவசரக் கலிங்கில் ஊஞ்சல்

குழாய் போதாதபோது பெருமழைத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஓரத்தில் புல் முளைத்த ஓர் அகலமான பள்ளம் விட்டிருப்பார்கள். அதுதான் அவசரக் கலிங்கு. பார்த்தால் காலி இடம் மாதிரி இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஊஞ்சல் வைப்பார், அப்புறம் வேலி, அப்புறம் ஒரு சின்னக் கொட்டகை, கடைசியில் 'மேடுபள்ளமாக இருக்கிறதே' என்று மண் கொட்டிச் சமன் செய்துவிடுவார். ஹவாயில் கவாய் தீவில் இருந்த கா லோக்கோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். வழிந்து போகக் கலிங்கு இல்லாமல், தண்ணீர் கரை மேலே ஏறிப் போனதுதான் காரணம் என்றது விசாரணை அறிக்கை.

மண் கரை மேலே தண்ணீர் ஏறிப் போகக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். 1994 ஜூலையில் அல்பெர்ட்டோ புயல் வந்தபோது அமெரிக்கஸ் ஊரில் 24 மணி நேரத்தில் 21 அங்குலம் கொட்டியது. மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்ட சின்ன அணைகள் அந்த வாரத்தில் உடைந்தன.

இன்னொரு திருட்டு வேலை: புல் தின்னும் கெண்டை ஏரியை விட்டுப் போகக்கூடாது என்று ரைசர் வாயில் கோழிவலையைக் கட்டிவிடுவார்கள். ஒரு மழையில் இலையும் பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்து அதை மூடி போட்ட பாத்திரமாக்கிவிடும். மீன் போனால் மீன் வாங்கிக்கொள்ளலாம், வலையை எடுங்கள்.

மாநிலத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது

பெரிய கரை வைத்திருக்கிறவர்களுக்கு இது. உங்கள் கரையில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் ஓடைக்குக் கீழே யாரோ ஒரு பில்டர் வீடு கட்டிவிட்டார், அதனால் இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாற்றிவிட்டோம், சரிசெய்யுங்கள் என்று வரும். நியாயமா என்றால் எனக்கும் நியாயமாகப் படவில்லை, வீடு கட்ட அனுமதி கொடுத்தது ஊராட்சி, செலவு நம் தலையில். ஆனாலும் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மாநிலம் ஏற்றுக்கொண்ட அணைப் பொறியாளர்கள் பட்டியல் உண்டு, அதிலிருந்து ஒருவரை அமர்த்தி, உங்கள் கலிங்கு தாங்குமா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் வகையிலேயே சின்ன அணை என்றால், அந்த இடத்தில் விழச் சாத்தியமான அதிகபட்ச மழையில் 25 சதவீதத்தைத் தாங்கினால் போதும், முழுசும் தாங்க வேண்டாம். அது தெரியாமல் பலர் பயந்து ஏரியையே எடுத்துவிடப் பார்க்கிறார்கள். எடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும், ஒரு ராத்திரியில் ஜேசிபி வைத்து வெட்டிவிட முடியாது.

வீட்டுக் காப்பீடோ சங்கத்தின் பொதுக் காப்பீடோ அணை உடைப்பைச் சேர்த்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுடையதில் சேர்க்கவில்லை.

ராத்திரி, மழை கொட்டுகிறது, கரை விளிம்புக்குத் தண்ணீர் ஒரு சாண்தான்

முதலில் கீழே இருக்கிற வீடுகளுக்குப் போன், பிறகு 911, பிறகுதான் பொறியாளர். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள், தவறான எச்சரிக்கைக்கு அடுத்த நாள் கேக் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம். எங்கள் நாலு வீட்டு எண்களும் குழுவில் மூன்று பேரின் போனிலும், நோட்டின் அட்டையிலும் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் இருக்கிற பாட்டிக்குக் காது மந்தம், கதவைத் தட்ட வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

அவசரக் கலிங்கில் குப்பை அடைத்திருந்தால் ஓரத்தில் நின்று நீளக் கொக்கியால் இழுங்கள், இறங்காதீர்கள். ரைசர் பக்கம் போகவே வேண்டாம், அது மனிதனை உறிஞ்சிக்கொள்ளும். கரைமேட்டில் ஏறி வீடியோ எடுக்கிறவர்களைத் திட்டியாவது இறக்குங்கள். அப்புறம் கீழே ஓடை கடக்கிற சாலையில் ஒருவர் காரை நிறுத்தி, விளக்கை மின்ன விட்டு, வண்டிகளைத் திருப்பி அனுப்பட்டும்.